தொப்பி தின்ன மறுத்த நாள்

எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஆனால் நாலாவது மாடியில் லிப்ட் மெக்கானிக் ஒருவர் குடியிருந்தார். ஊரையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, வேலை முடிந்து வந்து எழுபத்திரண்டு படி ஏறுவார். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கட்டடத்தில் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மனைவி வயிற்றில் கட்டி வந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்து இறந்த பிறகு, அந்தக் கேலியை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று வந்ததைத் தைப்பேன். தனியாள். என் மெஷின் நின்றால் அந்த வீட்டுப் பேச்சு எனக்குக் கேட்கும். அதனாலேயே சில நாட்களில் வேலை இருந்தும் மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக்கின் மனைவி இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் மகளுக்கு ஒரு முயல்குட்டி வாங்கிக் கொடுத்தாள். உடம்பெல்லாம் வெள்ளை, இரண்டு காதுக்கும் நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம், யாரோ தொப்பி மாட்டிவிட்ட மாதிரி. தொப்பி என்றே கூப்பிட்டார்கள். அம்மா போன பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் முயலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனிடம் பேசும். மனிதர்களிடம் பேசுவது குறைந்துபோனது.

ஒன்றரை வருடம் கழித்து மெக்கானிக் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். மார்க்கெட்டில் கறிக்கடையில் கோழி வெட்டுகிறவள். சில நாள் முயலும் வெட்டுவாள். கட்டடமே அவளைக் கறிக்கடைக்காரி என்றது. நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போதும் வாயில் அதுதான் வருகிறது. ஆள் ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். கடையிலிருந்து வந்தால் மாடிக் குழாயடியிலேயே நின்று சோப்பும் உப்பும் போட்டு முழங்கைவரை தேய்த்த பிறகுதான் வீட்டுக்குள் போவாள். அப்படியும் அந்தப் பிள்ளை அவள் தொட்ட தம்ளரை மறுபடி கழுவித்தான் தண்ணீர் குடிக்கும். அப்பா இருந்தால் சித்தி என்று கூப்பிடும். அப்பா இல்லாவிட்டால் கூப்பிடவே கூப்பிடாது. கறிக்கடைக்காரி இதற்கெல்லாம் முகம் மாறி நான் பார்த்ததில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஆனால் அந்த முயலுக்கு அவளைப் பிடித்துப்போனது. மார்க்கெட் பின்பக்கத்து மேட்டிலிருந்து தினம் ஒரு கட்டுப் புல் அறுத்து வருவாள். பால்கனியில் பரப்பிக் காயவைத்துத்தான் போடுவாள். அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டால் தொப்பி கூண்டுக்குள் இரண்டு காலில் எழுந்து நிற்கும். நான் என் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அந்த வருடம் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. கீழ்த்தெருவில் முழங்கால் தண்ணீர். பாலத்துக்கு அடியில் போகும் வழியில் ஒரு வேன் கூரைவரை மூழ்கிக் கிடந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கரண்ட் போனால் எங்காவது ஒரு லிப்டில் ஆள் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்குக்கு அழைப்பு வரும். நாலாம் நாள் விடிந்ததும் அப்படித்தான் கிளம்பிப் போனார். அவர் போய் அரை மணி நேரம் இருக்கும், கறிக்கடைக்காரி என் கதவைத் தட்டினாள். அதுவரை அவள் என் வீட்டுப் படி மிதித்தது கிடையாது.

முயல் நேற்று மத்தியானத்திலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை, கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், போனும் வேண்டும், அவள் போனில் சார்ஜ் இல்லை என்றாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன்.

தொப்பி கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நறநறவென்று ஒரு சின்னச் சத்தம். பல்லைக் கடிக்கிறது, வலி இருந்தால்தான் அப்படிக் கடிக்கும் என்றாள் கறிக்கடைக்காரி. காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. பிள்ளை சுவரோரமாகக் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்தது.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய மருத்துவமனை. மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் எடுத்தார். அங்கேயும் தண்ணீராம். நாய்களையெல்லாம் மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்களாம். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். எப்போதிலிருந்து தின்னவில்லை, காது சூடா குளிரா, மூச்சு எப்படி என்று வரிசையாகக் கேட்டார். பிறகு வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பானை மாதிரி உப்பி விறைத்திருந்தால் வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது, நீந்தியாவது கொண்டுவந்துவிட வேண்டும், நேரமே கிடையாது என்றார்.

கறிக்கடைக்காரி முயலை மடியில் வைத்து விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"விறைப்பு இல்ல டாக்டர். இரைப்பை பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு. குடல் பக்கம் ஒண்ணுமே நகரல."

டாக்டர், உங்களுக்கு எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டார்.

"நான் முயலும் வெட்டுவேன் டாக்டர்."

சுவரோரத்தில் பிள்ளை தலையை நிமிர்த்தியது. டாக்டர் சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. அப்படியென்றால் உள்ளே எது எங்கே இருக்கிறதென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம், நல்லதாகப் போயிற்று என்றுமட்டும் சொன்னார்.

குடல் ஓட்டம் நின்றுபோயிருக்கிறது என்பது அவர் முடிவு. முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும், உடம்பில் நேராகப் படக்கூடாது. சூடு வந்த பிறகு அதன் உருண்டைத் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது மென்று விழுங்கினால்தான் அடுத்த சொட்டு. நாலு கால் தரையில் இருக்கிற மாதிரி உட்காரவைத்தே கொடுக்க வேண்டும். மல்லாத்தினால் நேரே மூச்சுப்பைக்குள் போய்விடும். மனிதர் தின்கிற மாத்திரை ஒன்றும் ஆகாது. பாலும் சர்க்கரையும் அதற்கு விஷம். ஒரு தடவைக்கு இரண்டு சிரிஞ்சுக்குமேல் வேண்டாம், நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். தண்ணீர் வடிந்த நிமிடமே கொண்டு வாருங்கள், இது வைத்தியம் இல்லை, அதுவரைக்கும் உயிரைப் பிடித்துவைக்கிற வேலை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வெந்நீர் கொதிக்கும் நேரத்தில் கறிக்கடைக்காரி கூண்டைச் சுத்தம் செய்தாள். கீழே விரித்திருந்த துணியை உதறியபோது க்ரீம் பிஸ்கட் காகிதம் இரண்டு மூன்று விழுந்தன. அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை ஜன்னலைப் பார்த்தது. ஒரு வாரமாக, அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிஸ்கட் கொடுத்து முயலைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்திருக்கிறது என்பது எனக்கே புரிந்தது. தித்திப்பும் மாவும் உள்ளே போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. கறிக்கடைக்காரி அந்தக் காகிதங்களைச் சின்னதாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம், ஈரப்புல்லைத் தின்றிருக்கும் அக்கா, மழையில் சரியாகக் காயவில்லை என்றாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து பாட்டிலோடு வந்த பிளாஸ்டிக் சிரிஞ்ச் வீட்டில் இருந்தது. வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவே காதின் சில்லிப்பு விட்டபோது மணி பதினொன்று. நான் முயலைத் துண்டில் சுற்றி மேஜைமேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தத் துண்டுக்குள் ஓடிய நெஞ்சுத் துடிப்பு என் உள்ளங்கையில் மெஷின் ஊசி குத்துகிற வேகத்தில் அடித்தது. கறிக்கடைக்காரி மண்டியிட்டு அதன் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு, உதட்டோரத்தில் ஒரு சொட்டு விட்டாள். அது அப்படியே வழிந்தது. துடைத்தாள். மறுபடி ஒரு சொட்டு. ஏழாவதோ எட்டாவதோ சொட்டில் தாடை அசைந்தது. இரண்டு சிரிஞ்ச் கூழ் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆனது. நாள் ஒன்றுக்கு நூறு கழுத்தை அறுக்கிற கை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அந்தக் கை ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

பிறகு வயிற்றை விரல் நுனியால் முன்னும் பின்னும் நீவிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு மணி சுமாருக்குக் காதில் இன்னும் கொஞ்சம் சூடு ஏறியது. கொஞ்ச நேரத்தில் துண்டில் ஆறு புழுக்கை விழுந்திருந்தது. மிளகு அளவுதான், அதைவிடக் கெட்டி. அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆறையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள்.

"பாரு கண்ணு, குடல் அசைய ஆரம்பிச்சிடுச்சு. பொழச்சுக்கும்."

பிள்ளை அவள் கையைப் பார்த்தது. "கிட்ட வராதீங்க. கறி நாத்தம் அடிக்குது" என்றது.

அவள் அப்படியே திரும்பி வந்து ஒரு தட்டில் புழுக்கையைப் போட்டு, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மூடி வைத்தாள்.

அதற்குள் கறிக்கடை முதலாளி என் போனுக்கே மூன்று தடவை அடித்துவிட்டார். அந்த எண்ணை எங்கே பிடித்தாரோ. மார்க்கெட் மேட்டில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறவில்லை. ஆனால் ஃப்ரீசர் நின்றுபோய்விட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் சாயங்காலத்துக்குள் வெட்டித் தள்ளியாக வேண்டும், வரமுடியாவிட்டால் இனிமேல் வரவே வேண்டாம் என்றார். கறிக்கடைக்காரி முயலின் காதை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, நாலு மணி வரைக்கும் எதுவும் குடுக்காதீங்க. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. நான் அதுக்குள்ள வந்துடுவேன். பாட்டில் ஆறிப்போச்சுன்னா மட்டும் வெந்நீர் மாத்துங்க. பக்கத்துல சும்மா இருங்க, போதும்."

பார்த்துக்கொள்கிறேன் போய்விட்டு வா என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் படியிறங்கியதும் நான் என் கையை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது.

இரண்டு மணிக்கு மேல் மெக்கானிக் வந்தார். கூடவே அவருடைய அக்கா. அக்காவின் வீடு தரைத்தளம். கட்டில் கால் மூழ்கிவிட்டதாம். இரண்டு பையும் ஒரு தலையணையுமாகப் படியேறி வந்து மூச்சு வாங்கினாள். குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருடம் ஆயாவாக இருந்தவள். எத்தனை பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பேன், எத்தனை பிள்ளைக்குக் குண்டி கழுவியிருப்பேன் என்பதை வாரம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். தம்பி இரண்டாவதாகக் கட்டிக்கொண்டது அவளுக்கு இஷ்டமில்லை. கல்யாணத்தன்று சாப்பிடாமல் எழுந்து போனவள்.

அத்தையைப் பார்த்ததும் பிள்ளை ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை. அத்தை விசாரித்தாள். பிள்ளை சொன்னது: தொப்பி சாப்பிடமாட்டேன் என்கிறது, அவங்க அதன் வாயில் எதையோ ஊற்றினாங்க, வயிற்றைப் போட்டு அமுக்கிக்கொண்டே இருந்தாங்க.

நான் குறுக்கே பேசி, டாக்டர் சொல்லித்தான் எல்லாம் செய்தோம், புழுக்கைகூடப் போட்டிருக்கிறது என்று தட்டைத் திறந்து காட்டினேன். அத்தை மூக்கைச் சுளித்தாள்.

"வெட்டுறவ கையில வைத்தியத்துக்கு விட்டிருக்கீங்க. அவ வயித்தை அமுக்கிப் பாத்தது எத்தனை கிலோ தேறும்னு பாக்கத்தான் இருக்கும்."

மெக்கானிக் அதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் சும்மா இரு அக்கா என்றும் சொல்லவில்லை. நனைந்த காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

அத்தை முயலைத் தூக்கிப் பார்த்தாள். எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது, பச்சைத்தண்ணிகூட இல்லாமல் காயப்போட்டிருக்கிறாள் பாவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் போனால்தானே உடம்பில் தெம்பு நிற்கும் என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். பாலில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள். சிரிஞ்ச் எங்கே என்று கேட்டாள். பிள்ளை எடுத்துக் கொடுத்தது.

நான் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பால் விஷம் என்று டாக்டர் சொன்னார், நாலு மணிவரைக்கும் எதுவும் வேண்டாம் என்றார்கள் என்று ஒரு தடவை சொன்னேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஒண்ணு பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரியும். பசிக்கிற வாய்க்கும் பசிக்காத வாய்க்கும் வித்தியாசம். துணி தைக்கிறவ தானே, துணிய பாரு."

 அந்த வார்த்தையை அதற்கு முன்னாலும் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பெல்லாம் கூசி, அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் தோன்றும். போகவுமில்லை, பேசவுமில்லை. கதவோரமாக நின்றேன். இரண்டு எட்டு வைத்து அந்தச் சிரிஞ்சைப் பிடுங்கியிருக்கலாம். என்ன செய்துவிடுவார்கள், கத்துவார்கள், அவ்வளவுதானே. நிற்கத்தான் செய்தேன்.

அத்தை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைக்குழந்தையைப் போடுவதுபோல முயலை மடியில் மல்லாக்கப் போட்டாள். அது காலை உதைத்தது. பார், எவ்வளவு தெம்பு என்றாள். இரண்டு கையும் அதைப் பிடிப்பதற்கே சரியாக இருந்ததால் பிள்ளையைப் பாலை விடச் சொன்னாள். பிள்ளை தயங்கியது. என்னைப் பார்த்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் அதுவும்தானே கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. மெக்கானிக், "அத்தை சொல்றபடி செய் பாப்பா" என்றார்.

முதல் சொட்டில் முயல் தலையைத் திருப்பிக்கொண்டது. பால் அத்தையின் உடுப்பில் கொட்டியது. இப்படி ஊட்டினால் விடிந்துவிடும், வேகமாகத் தள்ளு என்றாள் அத்தை. பிள்ளை கட்டைவிரலை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளியது.

மூக்கு வழியாகப் பால் குமிழி குமிழியாக வந்தது. தொப்பி ஒரு சத்தம் போட்டது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கைக்குழந்தை வீறிடுகிற மாதிரியே இருந்தது. அத்தை கையை எடுத்துவிட்டாள். அது மடியிலிருந்து விழுந்து, தரையில் பக்கவாட்டில் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. பிள்ளை கத்தவில்லை. சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி, அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு வயிறு ஏறவில்லை.

 பிறகு அத்தை எழுந்து உடுப்பைத் துடைத்துக்கொண்டே, அது முன்னமே போகிற கட்டைதான், உள்ளே எல்லாவற்றையும் அமுக்கிக் கெடுத்து வைத்திருந்திருக்கிறாள் என்றாள். தம்பியைப் பார்த்துச் சொன்னாள். தம்பி தலையை ஆட்டினார். பால் பாத்திரத்தை அவளே உடனே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்தபோதுதான் அவளுக்கும் எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கறிக்கடைக்காரி வந்தாள். தொடைவரை நனைந்திருந்தாள். மழைக்கோட்டுக்கு உள்ளே நெஞ்சோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி காய்ந்த புல் வைத்திருந்தாள். கடைக் கூரைக்கடியில் தொங்கவிட்டிருந்த பழைய புல்கட்டிலிருந்து உருவி வந்திருக்கிறாள். வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செத்ததைப் பார்த்துப் பழகிய கண். புல்லைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

 அவள் தொப்பியின் தலையைத் திருப்பினாள். மூக்கில் காய்ந்திருந்ததைச் சுட்டுவிரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அத்தையின் மடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையின் கையில் இன்னும் சிரிஞ்ச் இருந்தது.  ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தது.

கறிக்கடைக்காரி முந்திக்கொண்டாள்.

"காலையில நான் குடுத்தது ஜாஸ்தியாயிடுச்சு. உள்ள போயி அடைச்சிடுச்சு. என் கைதான்."

பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

எல்லாம் கண்ணெதிரே நடந்திருந்தது. அத்தனை பேரும் பார்த்திருந்தோம். யாராவது ஒருவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சமும் கூசாமல், "உன்கிட்ட விட்டதே தப்பு" என்றார். அவருக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

அத்தைக்கும் உயிர் வந்துவிட்டது. "இப்ப என்ன, உங்க கடையில குடுத்தா எடைக்கு எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

கறிக்கடைக்காரி முயலைத் துடைத்து ஒரு துணியில் சுற்றப் போனாள். அப்போது பிள்ளை பேசியது. சாதாரணக் குரலில்தான் பேசியது.

"தொடாதீங்க. நீங்கதானே கொன்னீங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "சரி" என்றாள்.

முயலை மெக்கானிக்தான் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனார். மார்க்கெட் மேட்டில் ஒரு மரத்தடியில் புதைத்தேன் என்று மகளிடம் சொன்னார். பிள்ளை வெகு நாள் அந்த மரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தெரு முனையில் குப்பைத்தொட்டி பாதி மூழ்கியிருந்தது. அதன் மூடியைத் திறந்து பெட்டியைப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த நாள் மழை விட்டது. குழாயடியில் கறிக்கடைக்காரி துணி அலசிக்கொண்டிருந்தாள். முயலைச் சுற்றியிருந்த துண்டு. நான் பக்கத்தில் போய் நின்று, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

"பன்னெண்டு வயசு அக்கா. அம்மாவும் போயி, அம்மா குடுத்ததும் தன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா, அது எங்க போயி நிக்கும்? என்னைப் பிடிக்காம இருக்குறது அதுக்குப் பழக்கம். இன்னும் கொஞ்சம் பிடிக்காம போகட்டும். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். போட்ட பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்க இருந்தீங்க அக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. கடைக்குப் போனேனா, தூங்கிவிட்டேனா, இல்லை என்னை அடித்துக்கிடித்து வெளியே தள்ளினார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். அங்கேயேதான் இருந்தேன் என்றேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் சிரிப்பாள்; சாப்பிட்டீங்களா என்பாள். கதவை மட்டும் தட்டியதில்லை.

அத்தை தன் வீடு காய்கிறவரை மூன்று வாரம் அங்கேயே இருந்தாள். கதை மாடிக்கு மாடி இறங்கியது. ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு கை, ஒரு கால் முளைத்தது. கறிக்கடைக்காரி மூத்தவள் நினைவாக இருந்த பிராணியை வேண்டுமென்றே கொன்றாள் என்று கடைசியில் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தது. படியில் அவள் ஏறி வந்தால் பெண்கள் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் எப்போதும்போல் குழாயடியில் கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். முன்னைவிட அதிக நேரம் கழுவினாள் என்று எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தது. வளர்ந்துவிட்டது, சீருடைப் பாவாடை முட்டிக்கு மேலே ஏறியிருந்தது. உள்மடிப்பைப் பிரித்து இறக்கித் தரவேண்டும். முக்காலிமேல் நிற்கவைத்து, சுற்றிவரக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். என் தலை அதன் இடுப்பளவுக்கு இருந்தது. முகம் தெரியவில்லை.

"டெய்லரக்கா, அன்னிக்கு நீங்க எங்க வீட்டுலதானே இருந்தீங்க?"

இருந்தேன் என்றேன்.

"அப்ப நீங்க பாத்தீங்கல்ல. சித்திதானே பால் குடுத்தாங்க. மல்லாக்கப் போட்டு."

என் வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. அவற்றை எடுத்தேன். பால் கொடுத்தேன் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. பிள்ளையே தன் ஞாபகத்தில் அதை அவள் கையில் கொடுத்துவிட்டது. அதோடு அத்தையின் மடியையும் கொடுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்கிற முகமாக இல்லை. ஞாபகம் சரிதானா என்று கேட்கிற முகம். அது அழிந்துகொண்டிருக்கிற ஒன்றின்மேல் இன்னொன்றை எழுதி முடித்துவிட்டது. என் சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பாத்தேன்" என்றேன்.

"என்ன பாத்தீங்க?"

விடுவதாக இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழாய் திறக்கிற சத்தமும் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது.

"உங்க சித்தி பால் குடுத்ததை" என்றேன்.

பிள்ளை நீளமாக மூச்சு விட்டது. வெளியே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கோணாமல் நேராக நில் என்று சொன்னேன். நின்றது. நான் அடுத்த மடிப்பைப் பிடித்து ஊசியைக் குத்தினேன்.